சுவர் வரைக்கும் ஒரு மெட்டு

தோழி,

நீ பேசி அனுப்பியதை எதிர் வீட்டு மெஹ்னாஸ் அக்கா ஜன்னல் கம்பி வழியாகப் போனை நீட்டிக் கேட்க வைத்தாள். நான் போனில் பதில் சொன்னால் மாடிப்படி முழுக்கக் கேட்கும். அதனால் எழுதி அவளிடம் கொடுக்கிறேன்.

போன வாரம் நான் அக்கா போனில் ஊதி அனுப்பிய ஒயிலாட்ட மெட்டுக்கு உன்னிடம் ஆடும் பெண்கள் நாலு அடி வைத்ததுமே திரும்பிவிடுகிறார்கள், திருவொற்றியூர்க் கடற்கரையில் அவ்வளவு இடம் இருந்தும் ஒரே மூலையில் சுற்றுகிறார்கள் என்று கோபித்துக்கொண்டாய். தப்பு அவர்கள் மேல் இல்லை. அடி வைத்து நடந்துகொண்டே குழல் ஊதித்தான் நான் மெட்டுக் கட்டுவேன், உனக்கே தெரியும். இந்தப் புளியந்தோப்பு வீட்டில் நாலாவது அடியில் சுவர் வந்துவிடுகிறது. கால் திரும்பும் இடத்தில் மெட்டும் திரும்புகிறது.

என் வீட்டுக்காரர் நல்லவர்தான். ஊர் கெட்டுக் கிடக்கிறது என்று பயப்படுகிறார். காலையில் பூட்டிக்கொண்டு போனால் சாயங்காலம் வந்து திறப்பார். வரும்போது மறக்காமல் மீன் வாங்கி வருவார். அவர் வருவதற்குள் குழலை அரிசிப் பானைக்குள் வைத்துவிடுவேன்.

"இன்னாமே, நாள்பூரா உள்ளயே நடந்துகினு கீறே, கால் நோவலியா?" என்று அக்கா நேற்றுக் கேட்டாள். சிரித்துவைத்தேன். பிறகு உட்கார்ந்தபடி ஊதிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

நீளமான மெட்டு வேண்டுமென்றால் பகலில் வா. தனியாக வராதே, ஆட்டக்காரிகளையும் கூட்டி வா. பூட்டு பழசுதான்.

உன் குழல்காரி