காற்று பார்க்கும் மீட்டர்

பேர்லேண்ட், டெக்சாஸ்

அன்புள்ள அம்மாவுக்கு விஷாகா எழுதுவது. முட்டிவலி குறைந்ததா? போனில் பேசும்போது இவர் வந்துவிட்டால் காதில் விழும், அதனால்தான் மெயில்.

வேலை போனதிலிருந்து வாய் திறக்காத கௌசிக், தூரத்துக் குறியைச் சுடுவதற்குக் காற்று பார்க்கும் மீட்டர் வாங்கப்போவதாகச் சொன்னார். பேசுகிறாரே என்ற சந்தோஷத்தில் நானும் கூட உட்கார்ந்து தேடினேன். ஒன்று காற்றின் வேகத்தை மட்டும் காட்டும். இன்னொன்று அந்தக் காற்றில் குண்டு எவ்வளவு விலகும் என்றும் சொல்லும். இரண்டாவதை நான்தான் தேர்ந்தெடுத்தேன்.

தினமும் பழைய ஆபீஸ் எதிரே நின்று காற்று பார்த்துவிட்டு வருகிறார்.

"வீட்ல gun-ஏ இல்ல, மீட்டர் எதுக்குங்க?" என்று சிரித்தேன்.

"அது ஃப்ரைடே வந்துடும்" என்றார்.

பயப்படாதே. பருப்புப்பொடி கொஞ்சம் அனுப்பு. வியாழனுக்குள் அப்பாவை இவரிடம் பேசச் சொல். பொடி விஷயமாகக் கூப்பிட்டதாகவே இருக்கட்டும்.

கார் சத்தம் கேட்கிறது.

விஷாகா