சவப்பெட்டிக்கு எழுதிய கண்

மார்ச் 4, செவ்வாய்

வீட்டுக்காரர் இன்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். போன ஆடியில் லாரிக்குப் பெயிண்ட் அடிக்கும்போது சாரத்திலிருந்து விழுந்து கை உடைந்தது. எலும்பு கூடிவிட்டது, மனசுதான் கூடவில்லை. "கை நடுங்குது உஷா"வாம். எனக்கும்தான் நடுங்குது, கோவத்துல.

மார்ச் 6, வியாழன்

எங்கள் லாரிப் பட்டறைக்குச் சென்னையிலிருந்து சினிமாக்காரர்கள் வந்தார்கள். பரமத்தி வேலூர் ஆற்று மணலை எகிப்துப் பாலைவனமாகக் காட்டப் போகிறார்களாம். உலகப்போர்க் கதை. பழைய ராஜா ஒருத்தரின் சவப்பெட்டிக்குள் ஏதோ ரகசியம், அதற்காக இரண்டு நாட்டு ஒற்றர்களும் அடித்துக்கொள்கிறார்கள். பெட்டிக்குக் கையால் வரைய ஆள் வேண்டும் என்றாள் கலை இயக்குநர் சத்யபிரியா.

"எங்க ஊட்டுக்காரர் இருக்காருங்க." வாய் முந்திக்கொண்டது.

வீட்டில் செம திட்டு. "யாரைக் கேட்டுச் சொன்னே?" உங்களைக் கேட்டா விடிஞ்சிரும் என்றேன்.

மார்ச் 8, சனி

பிரஷ்ஷை எடுத்துவிட்டார். சாமி, எடுத்துவிட்டார்.

மார்ச் 12, புதன்

அய்யோ, இந்த மனுஷன் என்ன பண்ணி வெச்சிருக்கார்!

சத்யபிரியா கொடுத்த மாதிரிப் படத்தில் பெட்டியின் பக்கவாட்டில் வெறும் கோடுகள்தான். இவர் அங்கே இரண்டு கண் எழுதியிருக்கிறார். பட்டையாக மை தீட்டி, வெள்ளை முழியோடு, லாரிக்கு எழுதுகிற அதே கண். இவர் கைபட்ட வண்டி எதுவும் திருஷ்டிக்குக் கண் எழுதாமல் பட்டறை வாசலைத் தாண்டியதே கிடையாது.

"செத்தவன் பொட்டி மேல யாருங்க கண்ணு வெக்கப் போறாங்க?" என்று கத்திவிட்டேன்.

அவர் முகம் அப்படியே வாடிவிட்டது. "கைப்பழக்கத்துல எழுதிட்டேன். அழிச்சரட்டுமா?" தின்னர் டப்பாவைத் திறந்தார். அதற்குள் சத்யபிரியாவின் கார் வந்துவிட்டது.

இது சரியில்லை என்று அந்தப் பொண்ணு ஒரு வார்த்தை சொன்னால் போதும், இவர் இனி பிரஷ்ஷைத் தொடவே மாட்டார். ஏன்தான் கத்தினேனோ?

அவள் பெட்டியைச் சுற்றி வந்தாள். கண்கிட்ட வந்து நின்றாள். நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள்.

"எகிப்துலயும் பழைய பெட்டியில இப்படிக் கண் எழுதியிருப்பாங்கண்ணா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எகிப்தெல்லாம் தெரியாதுங்க. லாரிக்கு எழுதற கண்ணுங்க."

விழுந்து விழுந்து சிரித்தாள். கதையில் போலிப் பெட்டிகளும் வருகின்றனவாம். நிஜப் பெட்டிக்கு அடையாளமாக இந்தக் கண்ணையே வைத்துக்கொள்ளலாம் என்று அங்கிருந்தே டைரக்டரிடம் போனில் பேசி முடித்துவிட்டாள்.

நான் பட்டறைக்குப் பின்னால் போய் ஒரு பாட்டம் அழுதேன். அப்பாடா!

மார்ச் 13, வியாழன்

இன்னும் இரண்டு போலிப் பெட்டி செய்கிறார். இவற்றுக்குக் கண் எழுதக் கூடாது. கை பரபரங்குதாம்.

டிசம்பர் 5, வெள்ளி

நாமக்கல்லில் படம் பார்த்தோம். குண்டுச் சத்தத்தில் காது அடைத்துவிட்டது, யார் எந்த நாட்டு ஒற்றன் என்று பாதி புரியவில்லை. கடைசியில் ஒருத்தன் மணலைத் தள்ளுகிறான், திரை முழுக்க எங்கள் கண்! ஒரே விசில். இவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

சந்தோஷமாக ஏதாவது சொல்வார் என்று பார்த்தால், "எடது கண்ணு கோணையா இருக்குதே" என்கிறார். வீடு வரும்வரை இதே புலம்பல்.

"வெள்ளென எழுப்பியுடு உஷா. நம்ம பட்டறையில சின்னராஜோட லாரி நிக்குது. அதுலயாச்சும் நேரா எழுதோணும்."

அலாரம் வைத்துவிட்டேன்.