காற்றுப் பார்க்க விடாத காலை

ரஜப் பிறை 12, சனி இரவு

கூடப்பிறந்த அக்கா, என் ராத்தாவின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்கக் கிடைக்கவில்லை. அல்லாஹ்வின் நாட்டம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நானும் சொன்னேன்.

மகள், மருமகனோடு கல்முனையிலிருந்து நுவரெலியா மலை பார்க்கப் போயிருந்தேன். விடியற்காலை சுபஹோடு ராத்தாவின் மௌத்துச் செய்தி வந்தது. நடுப்பகல் லுஹர் தொழுகையோடு அடக்கம் என்றார்கள். உடனே காரில் ஏறினோம். பெற்றோல் செட்டைக் கண்டதும் மருமகன் மெதுவாக்கினார்.

"மாமி, ராக்குளிருக்கு டயர்ல காத்து இறங்கியிருக்கும். ஒருக்காப் பாத்துட்டுப் போவம்."

"கல்முனையிலதானே நிரப்பின நீங்க? டயருக்கும் குளிருமா மருமகன்? மையத்த எடுத்திருவாங்க. கெதியா உடுங்க, மறுகா பாப்பம்."

அவர் எனக்கு மறுத்துக் கதைக்கிற பிள்ளை இல்லை. பதுளை தாண்டியதும் பின் டயர் வெடித்தது. மழையில் அதை மாற்றி ஊர் வந்து சேர்ந்தபோது, மையத்தைச் சுமக்கும் சந்தூக்கு, அடக்கம் செய்யும் மையவாடிக்குப் போய்விட்டது. பெண்கள் நாங்கள் அங்கே போவதில்லை.

என் மூத்த சகோதரர், காக்கா, அவ்வளவு சனத்துக்கு முன்னால், வாசலிலேயே மருமகனைப் பிடித்துக்கொண்டார்.

"தூரப் பயணம் போற மனிசன் டயரப் பாக்கிறல்லையா?"

"ஓம் மாமா, என்ட பிழைதான்" என்றார் அவர். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாய் ஓயாதவள் என்று பெயரெடுத்த நான், அழுகிற சாட்டில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

ராத்தாவுக்காக யாசீன் ஓத உட்கார்ந்தேன். ஓத வரவில்லை. நாளைக்குக் காக்காவும் சொந்தக்காரர்களும் வருவார்கள். எல்லாருக்கும் முன்னால்தான் உண்மையைச் சொல்ல வேண்டும். காக்காவிடம் மட்டும் தனியாகச் சொன்னால் போதாதா என்று மனம் இப்போதே பேரம் பேசுகிறது.