நடத்தாமல் விட்ட ஐந்தாவது யூனிட்

உன் வீட்டு அடுக்களையில் இன்று ஈரச் சிமெண்ட் வாசனை. குடிவந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆன வீட்டில் இந்த வாசனை வரக் கூடாது. ஏன் வருகிறது என்பதை உன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும், நீயோ இல்லை. இருந்திருந்தால் முதலில் திட்டிவிட்டுப் பிறகு சிரித்திருப்பாய். இல்லை, சிரித்துவிட்டுத் திட்டியிருப்பாயோ என்னவோ. எனக்கு இப்போதெல்லாம் எதுவும் வரிசையாகப் புரிவதில்லை.

அது ஒன்றும் புதிய வியாதி இல்லை என்று நீ சொல்வாய். உண்மைதான். பெரம்பலூரில் நாம் எம்.பி.ஏ. படித்தபோது திட்ட மேலாண்மையின் முதல் வகுப்பிலேயே எனக்குக் குழம்பிவிட்டது. நான் வேப்பந்தட்டை பஸ்ஸிலும் நீ லெப்பைக்குடிக்காட்டு பஸ்ஸிலும் வந்து இறங்கி, ஓட்டமும் நடையுமாக வகுப்புக்குள் நுழைந்தோம். சார் பலகையில் இரண்டே சொற்கள் எழுதியிருந்தார். ப்ராஜெக்ட், ஆபரேஷன்.

“ப்ராஜெக்டுன்னா ஒரு ஆரம்பம் இருக்கும், ஒரு முடிவு இருக்கும். ஆபரேஷனுக்கு முடிவே கிடையாது. அது பாட்டுக்கு நடந்துக்கிட்டே இருக்கும்” என்றார் சார்.

நீ எழுந்தாய். உட்கார்ந்திருக்கும்போதே பின்னால் இருப்பவர்களுக்குப் பலகையை மறைக்கிற உயரம் உனக்கு. எழுந்தால் கேட்க வேண்டுமா, வகுப்பே உன்னைத்தான் பார்த்தது.

“சார், ஆபரேஷனுக்குத்தானே சார் முடிவு இருக்கு? போன மாசம் எங்க அத்தாவுக்குக் குடலிறக்கத்துக்குப் பண்ணாங்க. மதியத்துக்குள்ள முடிச்சு வெளிய கொண்டாந்துட்டாங்களே.”

வகுப்பு சிரித்து உருண்டது. நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நம் ஊரில் ஆபரேஷன் என்றால் வேறு என்ன? சார் பொறுமையானவர். சிமெண்ட் ஆலை கட்டுவது ப்ராஜெக்ட், கட்டிய ஆலையில் தினமும் சிமெண்ட் அரைப்பது ஆபரேஷன் என்று அரியலூர்ப் பக்கம் இழுத்து விளக்கினார். எனக்குப் புரிந்த மாதிரி இருந்தது. புரிந்ததைச் சோதித்துப் பார்க்கலாமே என்று நான் வாயைத் திறந்தேன்.

“அப்ப நாங்க சின்ன வெங்காயம் போடுறது சார்?”

“வருஷா வருஷம் பண்றீங்கல்ல? ஆபரேஷன்.”

“ஒரு வருஷம் மாதிரி இன்னொரு வருஷம் இருக்காதே சார். ஒவ்வொண்ணும் புதுசாத்தான் தலையில விடியும்.”

சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே வந்ததும் நீ என் முதுகில் ஒன்று வைத்தாய். “நான் கேட்டதுக்கு சிரிச்சாங்க. நீ கேட்டதுக்கு சாரே பயந்துட்டாருடி” என்றாய். எனக்கு அது இன்றுவரை பெருமையாகத்தான் இருக்கிறது.

அந்தப் பருவம் முழுக்க அப்படித்தான் போயிற்று. வேலையைத் துண்டு துண்டாகப் பிரி, எது எதற்குப் பிறகு என்று கோடு போடு, எந்தக் கோடு நீளமோ அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்துக்கொள். நீ கோடுகளை அழகாகப் போடுவாய். எதற்குப் போடுகிறோம் என்று கேட்டால் மட்டும், “போடச் சொன்னாங்க, போட்டேன்” என்பாய். நான் எதற்கு என்று கேட்டுக்கொண்டே இருந்து கோடே போடாமல் மதிப்பெண்ணைக் கோட்டை விடுவேன். இரண்டு பேருக்கும் பாதிப் பாதி தெரியும். சேர்ந்து படித்தால் முழுசாகிவிடும் என்று நம்பினோம். சேர்ந்து படித்தபோது குழப்பம்தான் முழுசாயிற்று.

நான்கு யூனிட் முடிவதற்குள் பருவமே முடிந்துவிட்டது. எல்லாப் பாடத்திலும் நடப்பதுதான். “அஞ்சாவது யூனிட் ஈஸி, நீங்களே படிச்சுக்கங்க” என்று சொல்லிவிட்டுச் சார் போய்விட்டார். ஐந்தாவது யூனிட், ஒரு திட்டத்தை எப்படி முடித்துக் கொடுப்பது என்பது.

தேர்வு மையம் அரியலூரில். பெரம்பலூரிலிருந்து பஸ் ஏறினோம். முன்னால் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாக ஊர்ந்ததால் பஸ்ஸும் ஊர்ந்தது. அந்த ஊர்வலத்தில்தான் நீ எனக்கு ஐந்தாவது யூனிட்டை வாசித்துக் காட்டினாய்.

“கட்டுனவன் முடிஞ்சிருச்சுன்னு சொன்னா முடிஞ்சதா ஆவாதுடி. ஏத்துக்கிறவங்க சொல்லணும். அவங்க சரின்னு சொன்னாத்தான் மூடணும்.”

“ஏத்துக்கிறவங்கன்னா யாரு? கட்டச் சொன்னவங்களா, அதுல குடியிருக்கப் போறவங்களா?”

“ரெண்டும் ஒரே ஆளுதானே?”

“வேற வேற ஆளா இருந்தா?”

நீ ஜன்னல் வழியாக லாரியைப் பார்த்தாய். புத்தகத்தைப் புரட்டினாய். மறுபடி லாரியைப் பார்த்தாய். “அதெல்லாம் பரீட்சையில வராது, வுடு” என்றாய். வரவும் இல்லை. இரண்டு பேரும் தேறிவிட்டோம்.

பிறகு எனக்கு அரியலூரில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரர் ஆபீஸில் வேலை. நீ பெரம்பலூரிலேயே வேலைக்குச் சேர்ந்து, வாடகை வீட்டிலேயே இருந்துவிட்ட உன் அம்மாவுக்காக ஊரில் ஒரு வீடு கட்டத் தொடங்கினாய். “வேலையை நீதான் பாத்துக்கணும், குள்ளி” என்றாய். சுவர் எழும்பிய பிறகு ஒரு நாள் வந்து, பூச்சு கூடப் பூசாத அடுக்களையில் நின்றாய். அடுப்பு மேடையை எவ்வளவு உயரம் வைப்பது என்று மேஸ்திரி கேட்டார். நீ கரண்டி பிடித்துக் கிண்டுவது போலக் கையை ஆட்டிப் பார்த்து, முழங்கைக்குச் சற்றுக் கீழே சுவரில் விரலை வைத்தாய். “இங்க வைங்கண்ணே.” அவர் பென்சிலால் கோடு போட்டார். யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை. கேள்வி கேட்டே பேர் வாங்கிய எனக்கும் வரவில்லை.

அதற்கப்புறம்தான் உன் வயிற்றில் கட்டி என்றார்கள். திருச்சியில் பெரிய ஆஸ்பத்திரி. டாக்டர் வெளியே வந்து, “ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிருச்சு” என்றார். எனக்கு அந்த நேரத்தில் சிரிப்பு வந்தது. நீ கண் விழித்ததும் சாரைப் பற்றிச் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று காத்திருந்தேன். நீ கண் விழித்தாய், இரண்டு வாய் கஞ்சி குடித்தாய், பிறகு காய்ச்சல் வந்தது, போய்விட்டாய். நல்லபடியாக முடிந்தது என்றால் என்ன அர்த்தம் என்று யாரிடம் கேட்பது? இன்னும் எனக்குப் புரியவில்லை. கோபமாக வருகிறது.

வீட்டை முடித்தேன். நீ சொன்னபடி, ஒரு ஜன்னலைக்கூட மாற்றாமல். உன் அம்மாவும் அத்தாவும் குடிவந்தார்கள். மாதம் ஒன்று போன பிறகு ஒரு நாள் பார்க்கப் போனேன். அம்மா மனைப்பலகை மேல் ஏறி நின்று குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தார்கள்.

“ஏம்மா, இந்த மேடையைக் கொஞ்சம் எறக்க முடியுமா? தோள்பட்டை விட்டுப்போவுது.”

“அது அவ நின்னு பாத்து வச்ச உசரம்மா.”

“தெரியும். அதான் ஒரு மாசமா வாயத் தொறக்காம இருந்தேன்.”

அத்தா கூடத்திலிருந்து, “எதுக்கு இப்ப அதை ஒடச்சுக்கிட்டு?” என்றார். அம்மா அடுப்பைத் தணித்தார்கள். “சமைக்கிறது நான்தானேங்க. அவ இருந்தாலும் எறக்கத்தான் சொல்லியிருப்பா” என்றார்கள்.

ஒரு வாரம் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. கட்டச் சொன்னவள் நீ. குடியிருப்பவர் அம்மா. உன் உயரத்தை உடைக்க எனக்கு மனசு வரவில்லை. அம்மாவைப் பலகை மேல் நிற்க வைத்துப் பார்க்கவும் மனசு வரவில்லை. கடைசியில் மேஸ்திரியைக் கூப்பிட்டேன். சரியென்று பட்டதாலா, அம்மாவின் தோளை நினைத்தா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

இன்று காலை அவர் மேடைக் கல்லைத் தூக்கிவிட்டு, ஒரு வரிசை செங்கலை எடுத்துவிட்டு, மறுபடி கல்லைப் பதித்துப் பூசினார். உடைக்கிற சத்தம் முடியும் வரை அம்மா தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு வந்து மேடைக்கு முன்னால் தரையில் நின்று, காற்றில் கரண்டியைச் சுழற்றுவது போலக் கையைச் சுழற்றினார்கள். “இப்ப சரியா இருக்கும்மா” என்றார்கள். ஏற்றுக்கொள்பவர் சொல்லிவிட்டார். நான் வாசலுக்கு வந்து அழுதேன்.

ஒன்று மட்டும் அவர்களிடம் சொல்லவில்லை. மேஸ்திரி வருவதற்கு முன், அடுக்களையில் யாரும் இல்லாதபோது, அந்த மேடையோடு ஒட்டி நின்று பார்த்தேன். உன் முழங்கைக்குக் கீழே நீ குறித்த விளிம்பு என் கடைசி விலா எலும்புக்கு நேராக வந்தது. அங்கே விரலை அழுத்தி வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றேன். திரும்புகிற பஸ்ஸில் உட்கார இடமில்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அரியலூர் வரும் வரை இன்னொரு கையை அந்த எலும்பின் மேலேயே வைத்திருந்தேன்.