இருவர் மிதிக்கும் சைக்கிளை ‘டபுள்ஸ்’ என்று திருப்பி அனுப்புவது குறித்து

அனுப்புநர்
தையல்கடைக்காரி,
மருந்துக்கடைக்கு அடுத்த கடை,
ஆற்றங்கரைச் சாலை.

பெறுநர்
பொறுப்பு அலுவலர் அவர்கள்,
ஆற்றோரச் சைக்கிள் சுற்றுப்பாதை அலுவலகம்.

பொருள்: சுற்றுப்பாதை விதிப் பலகை – ‘ஒரு சைக்கிளில் இருவர் செல்லக் கூடாது’ என்னும் விதி – இருவரும் மிதிக்கும் சைக்கிளுக்கு விலக்கு கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. நான் மேற்கண்ட முகவரியில் தையல் கடை நடத்தி வருகிறேன். என் கணவர் பேருந்து ஓட்டுநராக இருந்தவர். சர்க்கரை நோயால் இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. அதன்பின் கடைக்குப் பின்னால் உள்ள அறையைவிட்டு வெளியே வருவதையே நிறுத்திக்கொண்டார். தெருவில் பேருந்து போனால் அது எந்த கியரில் போகிறது என்று மட்டும் சொல்வார்.

2. வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் என் கொழுந்தனார் இரண்டு பழைய சைக்கிள்களை வெட்டி ஒட்டி, முன்னும் பின்னுமாக இரண்டு சீட்டு, இரண்டு ஜோடி பெடலுடன் ஒரே நீள சைக்கிளாகச் செய்து கொடுத்தார். பார்க்க லட்சணமாக இருக்காது, ஆனால் ஓடும். முன்னால் நான், பின்னால் அவர். ஓட்டுநராக இருந்தவர் நடத்துநர் ஆகிவிட்டார். “போலாம் ரைட்” என்று அவர் குரல் கொடுக்காமல் வண்டி நகராது.

3. இந்த வண்டிக்குத் தங்கள் சுற்றுப்பாதையைவிட நல்ல இடம் கிடையாது. நீரேற்று நிலையத்தில் தொடங்கி, கரைமேல் போய், சோள வயலையும் வெங்காய வயலையும் தாண்டி, சின்னப் பாலம் வழியாகத் திரும்பும் அந்தச் சுற்றில் லாரி பயம் இல்லை. வழிப்பலகையில் ‘மிதமான சிரமம்’ என்று போட்டிருக்கிறது. பாலத்துக்கு ஏறும் மேட்டில் எனக்கு நாக்குத் தள்ளிவிடும். பலகை எழுதியவர் அங்கே மிதித்துப் பார்த்திருக்க மாட்டார் என்பது என் பணிவான கருத்து. அந்த மேட்டில் என் கணவர்தான் அழுத்தி மிதிப்பார். திருப்புவதும் பிரேக் பிடிப்பதும் என் வேலை. எப்போது பிரேக் பிடித்தாலும் அவசரப்பட்டுவிட்டேன் என்று வழி முழுக்கத் திட்டுவார். வெங்காய வயலில் களை எடுக்கும் பெண்கள் அந்தச் சத்தம் கேட்டே நிமிர்ந்து கைகாட்டுவார்கள். நான் சொன்னதும் அவரும் காட்டுவார், பெரும்பாலும் எதிர்ப்பக்கம் பார்த்து.

4. சென்ற மாதம் வாயிலில் விதிப் பலகை வைத்தார்கள். அன்றே காவலர் எங்களை நிறுத்திவிட்டார். “எனக்கும் உங்கள உள்ள விட ஆசைதான்க்கா. ஆனா ஒரு சைக்கிள்ல ரெண்டு பேரு போனா அது டபுள்ஸ்தானே?” என்றார். அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. தங்கள் அலுவலகத்துக்கு வந்து எழுத்தரைப் பார்த்தேன். “அப்போ ஒருத்தர் போயிட்டு வந்ததும் இன்னொருத்தர் போங்களேன்” என்று அவர் யோசனை சொன்னார். வீட்டில் இதைச் சொன்னதும் என் கணவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக எழுத்தருக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு என் கணவர் சிரிக்கவில்லை.

5. மெயின் ரோட்டிலும் போய்ப் பார்த்தோம். பின்னால் லாரி ஹாரன் அடித்ததும் இறங்கித் தள்ளிக்கொண்டே வீடு வந்தோம். இப்போது அவர் மறுபடியும் அறைக்குள்ளேயே இருக்கிறார். எனக்குத் தாங்கவில்லை, ஐயா. இதையெல்லாம் மனுவில் எழுதலாமா என்று தெரியவில்லை; எழுதிவிட்டேன்.

6. பிள்ளைகள் கேரியரிலும் பாரிலுமாக ஏறிப்போய் வாய்க்காலில் விழுந்ததால் வந்த விதி இது என்று காவலர் சொன்னார். நியாயமான விதி. அதை எடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. ‘இருவரும் மிதிக்கும் சைக்கிளுக்கு இது பொருந்தாது’ என்று அதன் கீழே ஒரு வரி சேர்த்தால் போதும். பலகையில் இடம் இருக்கிறது, பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

7. நான் மனு எழுதப்போகிறேன் என்றதும், நேற்று என் கணவர் தாமாகவே எழுந்து வந்து சங்கிலிக்கு எண்ணெய் போட்டார். சங்கிலிக்குப் போனதைவிடத் தரைக்குப் போனதுதான் அதிகம். தரையை நான் துடைத்துக்கொண்டேன். காவலர் தம்பியும் ஆர்டர் வந்த அன்றைக்கே காற்று அடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆக, தங்கள் ஒரு வரிக்காக மூன்று பேர் காத்திருக்கிறோம்.

சந்தேகம் இருந்தால் தாங்களோ தங்கள் அலுவலரோ ஒருநாள் அந்தப் பாலத்து மேட்டில் நின்று, நாங்கள் ஏறி வருவதைப் பார்க்குமாறு வேண்டுகிறேன். எங்கள் இருவரில் யார் யாரை ஏற்றிக்கொண்டு போகிறார் என்று கண்டுபிடித்துச் சொல்லிவிட்டால், அது டபுள்ஸ்தான் என்று ஒப்புக்கொண்டு அங்கிருந்தே வண்டியைத் திருப்பிவிடுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) முன்சீட்டுக்காரி
(ஒப்பம்) பின்சீட்டுக்காரர்

நாள்: 9 ஜூன்
இடம்: ஆற்றங்கரைச் சாலை