துப்பாக்கிக்கு வைத்த பொட்டு

நைனா,

உனக்குக் கடிதம் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். வீட்டுக்குக் கடிதம் வந்தாலே யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று முகம் மாறுகிற ஆள் நீ. இப்போது ஆனது உனக்குத்தான், அதனால் பயப்பட ஒன்றுமில்லை. நேரில் உன்னிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் நான் பேசியதில்லை. எனக்கு எழுத்தில்தான் வாய் திறக்கும். இன்று கோபமும் இருப்பதால் கொஞ்சம் கூடுதலாகவே திறக்கும்.

விரலெல்லாம் தையல் மெஷின் எண்ணெய் நாற்றம். மூன்று முறை சோப்பு போட்டும் போகவில்லை. நேற்று அம்பத்தூர் ஆபீசில் பக்கத்து சீட்டு அக்கா மூக்கைச் சுளித்தாள். "இன்னாடி, மெக்கானிக் ஷெட்ல சேந்துட்டியா?" சிரித்து வைத்தேன். செத்துப்போன அப்பாவின் துப்பாக்கியில் துரு தேய்க்கிறேன் என்று எப்படிச் சொல்வது?

திங்கட்கிழமை காலை அதை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். லைசென்ஸ் உன்னோடு முடிந்தது. வாரிசுச் சான்றிதழ் கைக்கு வந்ததும் கொண்டுவரச் சொன்னார்கள். அது வருவதற்குள் தை பிறந்துவிட்டது. இனியும் வீட்டில் வைத்திருந்தால் அம்மா மேல் கேஸ் ஆகும் என்று ஸ்டேஷன் ரைட்டர் பொறுமையாகத்தான் சொன்னார். அம்மா தர மாட்டேன் என்கிறாள். துரு போகாமல் வாசலைத் தாண்டக் கூடாதாம். "அவரு பொருள இந்தக் கோலத்துல குடுத்தா, பட்டாளத்துக்காரன் ஊட்டப் பாருன்னு சிரிக்க மாட்டானா?"

பட்டாளத்திலிருந்து வந்த பிறகு இருபது வருஷம் அந்த ரெட்டைக்குழல் துப்பாக்கியோடு ஆவடியில் ஒரு பேங்க் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாய். ஒரு காக்காயைக்கூடச் சுட்டதில்லை. ஆனால் ஞாயிறு தவறாமல் பாயில் துணி விரித்து, குழலைக் கழற்றி, பழைய வேட்டித் துண்டில் எண்ணெய் தொட்டுத் துடைப்பாய். நான் கிட்டே வந்தால், "கை வேர்வ பட்டா துரு வந்து நிக்கும். தள்ளிப் போ" என்பாய். எனக்குக் காய்ச்சல் வந்தபோது என் நெற்றியை எத்தனை முறை தொட்டாய் என்று யோசித்துப் பார்க்கிறேன். சரி, அதை விடு.

லைசென்ஸ் புதுப்பிக்கிற ஃபாரம் நிரப்புவது மட்டும் என் வேலை. வீட்டில் படித்தது நான் ஒருத்திதானே. துப்பாக்கி எதற்காகத் தேவை என்ற கட்டம் வந்ததும், "சோத்துக்குன்னு எழுது" என்றாய். பாதுகாப்புப் பணிக்காக என்று எழுதிப் படித்துக் காட்டினேன். "அத்தயே இவ்ளோ நீட்டா எழுதினியா?" என்றாய். நீ என்னைப் பாராட்டியது அநேகமாக அது ஒன்றுதான்.

போன வாரம் பீரோவிலிருந்து ரெக்சின் உறையை எடுத்துப் பிரித்தேன். குழல்களின் மேல் மூன்று, விசைக்குப் பக்கத்துத் தகட்டில் இரண்டு. வட்ட வட்டமாகத் துரு. ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் காய்ந்துபோன சந்தனமும் குங்குமமும். துக்க வருஷம் என்று நம் வீட்டில் தீபாவளி இல்லை, ஆயுத பூஜையும் இல்லை. ஆனால் அம்மா யாருக்கும் தெரியாமல் பொட்டு வைத்து, ஈரத்தோடு உறைக்குள் தள்ளி ஜிப்பை இழுத்திருக்கிறாள். குங்குமச் சிமிழை அவள் தொட்டதே எனக்குத் தெரியாது.

பட்டாபிராம் ஹார்டுவேர் கடையில் மெல்லிய ஸ்டீல் உல் கேட்டேன். கடைக்காரர் பாத்திரம் தேய்க்கும் நாரை எடுத்துப் போட்டார். இன்னும் மெல்லியதாக வேண்டும் என்றேன்.

"எதுக்குமா?"

"ஒரு இரும்புக் கம்பி."

துப்பாக்கி என்று வாயில் வரவில்லை.

"கம்பிக்கு இன்னாத்துக்குமா நைஸு? உப்புத்தாள் வாங்கிகினு போ."

வாங்கிக்கொண்டு வந்தேன். வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் வாங்கிய பொருள்களின் வரிசையில் அதுவும் சேர்ந்தது.

உன் எண்ணெய் டப்பாவுக்குள் ஓர் ஓட்டைக் காலணா கிடந்தது. அது எதற்கு என்று நீ ஒருநாளும் சொன்னதில்லை. எங்கோ ஒரு வெள்ளைக்காரர் வீடியோவில் சொல்லித்தான் தெரிந்தது: எண்ணெய் விட்டு ஊறவைத்து, செம்பு கலந்த காசின் விளிம்பால் மெதுவாகச் சுரண்டினால் துரு மட்டும் உதிரும், குழலின் கறுப்புப் பூச்சு போகாது. இதைச் சொல்லிவிட்டுப் போக உனக்கு என்ன கஷ்டம்? இரண்டு நாள் சுரண்டினேன். இரண்டு வட்டம் போயே போய்விட்டது.

புதன்கிழமை பூந்தமல்லி மாமா பாத்ரூம் ஆசிட் பாட்டிலோடு வந்து இறங்கினார். "இதுக்குப் போயி இன்னா ரோதன? ஒரு முக்கு முக்கினா புதுசாட்டம் ஆய்டும்." அவரைத் தடுத்து, டீ கொடுத்து அனுப்பிவைத்தேன். அம்மாவைத் தடுக்கத்தான் முடியவில்லை. வியாழக்கிழமை நான் ஆபீசுக்குப் போனதும் புளியைக் கரைத்துக் குத்துவிளக்கு தேய்ப்பதுபோல் ஒரு குழலை முழுக்கத் தேய்த்துக் கழுவி வைத்துவிட்டாள்.

"பாருடி, வெள்ளி மாரி கீது."

"கறுப்புதாம்மா அதோட தோலு. உரிச்சிட்ட."

நீ காப்பாற்றி வைத்திருந்த கறுப்பு போய், குழல் வெளுத்துக் கிடந்தது. மறுநாள் விடிந்தபோது வட்டம்கூட இல்லை, குழல் முழுக்க ஆரஞ்சு நிறத்தில் பொடி பூத்திருந்தது. அதைத் தேய்த்த எண்ணெய்தான் இப்போது என் கையில் நாறுவது.

இன்று காலை பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன். "பொட்டு வெச்சா தொடைக்கணும்னு உனக்குத் தெரியாதாம்மா?"

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"நான் எப்போடி தொடச்சேன்? நான் வெப்பேன். மறுநாளு அவரு, கண்ணாலப் பொண்ணாடி இது, சந்தனம் பூசி வெச்சிகீறன்னு கத்திகினே தொடைப்பாரு. வருசா வருசம் அதான். இந்த வாட்டியும் வெச்சேன்."

"வெச்சிட்டு?"

"வெச்சிட்டு இன்னா. யாரும் கத்தல."

கீரைத் தண்டுகளை வாங்கி நானும் ஆய்ந்தேன்.

என்னால் முடிந்தது இவ்வளவுதான். துப்பாக்கி நம்பர் தெளிவாகத் தெரிகிறது. மீதி வட்டங்கள் சாம்பல் நிறத் தழும்பாக நிற்கின்றன. வெளுத்த குழலுக்கு இரண்டு கை எண்ணெய் பூசியிருக்கிறேன். இனி எவ்வளவு தேய்த்தாலும் அது உன் காலத்தில் இருந்ததுபோல் ஆகாது. அம்மாவுக்கும் அது தெரியும் என்றுதான் நினைக்கிறேன். தெரிந்துதான் புளியைக் கரைத்துக்கொண்டே இருக்கிறாள். எனக்கோ புதுப் பழக்கம் ஒன்று ஒட்டிக்கொண்டது. டிபன் பாக்ஸ் மூடி, குடைக் கம்பி, சாவிக்கொத்து என்று ஈரம் பட்ட எதையும் துடைக்காமல் உள்ளே வைக்க முடியவில்லை. நெமிலிச்சேரி ரயிலில் உட்கார்ந்து குடையைத் துடைக்கும்போது எதிரில் இருப்பவர்கள் பார்க்கிறார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

உன்னிடம் ஒன்று கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். ஃபாரம் நிரப்புகிறவளுக்குக் கேட்க மட்டும் எப்போதும் தயக்கம். என் கனவில் வர வேண்டாம். வந்தாலும் நாம் இருவரும் சும்மா உட்கார்ந்திருப்போம். திங்கட்கிழமைக்குள் ஒரே ஒரு தடவை அம்மாவின் கனவில் வா. துரு கெடக்கட்டும், எடுத்துகினு போயி குடுத்துட்டு வாங்கன்னு சொல்லு. மெதுவாகச் சொன்னால் அவள் நம்ப மாட்டாள். நல்லா கத்தியே சொல்லு, நைனா.