பேர் வெட்டிய டம்ளரில் ஊறிய போல்ட்

இன்று காலை வண்டிச் சாவியைத் தேடி மேசை டிராயருக்குள் கைவிட்டபோது அந்த இரண்டு போல்ட்டுகளும் விரலில் தட்டுப்பட்டன. முகர்ந்து பார்த்தால் துரு வாடை. சோப்புப் போட்டுக் கழுவியும் கையை விட்டுப் போகவில்லை. அந்த வாடை வந்தாலே உன்னிடம் கேட்டு முடிக்காத கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. அன்றைக்கு அந்த டம்ளர்களை ஏன் கழுவினாய்? நீ சொன்ன பதில் நினைவிருக்கிறது. அதை நம்பினேனா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

தம்பி சேவியரும் நானும் உப்புப் பாத்தியைப் பிரித்துக்கொண்ட பிறகுதான் நீ காரைப் பற்றிப் பேச ஆரம்பித்தாய். பாத்தி சரியாகத்தான் பிரிந்தது. தண்ணீர் வரும் வாய்க்கால் யார் பக்கம் என்பதில் வாய்த்தகராறு வந்து, இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. வருஷா வருஷம் ஒரே வேனில் வேளாங்கண்ணிக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள், அந்த வருஷம் அவரவர் வீட்டிலேயே மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டோம். வீட்டில் நாமிருவரும் மகள் ஜென்சியும்தான். மூன்று பேருக்குச் சின்னக் கார் போதும் என்றேன். நீ கேட்கவில்லை. மூன்று வரிசை இருக்கிற பெரிய வண்டிதான் வேண்டும் என்றாய். கடைசி வரிசையில் யார் உட்காரப்போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. இருவருக்குமே தெரியும்.

அப்படித்தான் இரண்டாயிரத்து ஐந்து கோடையில் இரண்டு வண்டிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டேன். ஒன்று பாண்டிச்சேரி ஷோரூமில் பார்த்தது, இன்னொன்று திண்டிவனத்தில் பார்த்தது. கம்பெனிப் பெயர் வாயில் நுழையாமல் நாம் இரண்டையும் பாண்டி வண்டி, திண்டிவனம் வண்டி என்றே சொல்லிக்கொண்டோம். திண்டிவனம் வண்டியில் மூன்று வரிசையும் பஸ் மாதிரி முன்பக்கம் பார்த்தே இருக்கும். பின்னால் உட்காருகிறவர்களுக்கும் ஏசி காற்று வரும். பாண்டி வண்டி நல்ல உயரம், வரப்பு ரோட்டில் மழைக்காலத்திலும் அடி தட்டாது. ஆனால் அதன் கடைசி வரிசை பக்கவாட்டில், எதிரும் புதிருமாக இரண்டு பலகை மாதிரி. முழங்காலோடு முழங்கால் இடிக்கும்.

நான் திண்டிவனம் வண்டி என்றேன். நீ பாண்டி வண்டியின் பின்கதவைத் திறந்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி, அந்தப் பலகையில் உட்கார்ந்து எதிர்ப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாய். ஷோரூம் பையன் ஏதோ மைலேஜ் சொல்லிக்கொண்டிருந்தான். நீ என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாய்.

"மூஞ்சிய மூஞ்சிய பாத்துக்கினு உக்காந்தா எவ்ளோ தூரம்தாங்க பேசாம வருவாங்க? கடலூர் வரைக்கும் தாங்குவாங்களா?"

எனக்கு எரிச்சலாக இருந்தது. கார் வாங்க வந்தோமா, பஞ்சாயத்துக்கு வந்தோமா என்று கேட்டேன்.

பிறகு ஊரில் விசாரிக்கப் போனேன். அது இன்னும் மோசம். கூனிமேட்டில் பாண்டி வண்டி வைத்திருக்கிற கடைக்கார பாய், தெரியாமல் வாங்கிவிட்டேன், நீங்களாவது அந்த இன்னொன்றை வாங்குங்கள் என்றார். கிளியனூரில் திண்டிவனம் வண்டி வைத்திருந்த உன் சித்தப்பா, வாங்கினால் பாண்டி வண்டியைத்தான் வாங்கணும் என்று தலையில் அடித்துக்கொண்டார். ராத்திரி ஒன்றை முடிவு செய்து படுப்பேன். காலையில் பல் தேய்க்கும்போது மற்றது நல்லதாகத் தெரியும்.

கடைசியில் நம் ஊர்க்காரன் செய்கிறதைச் செய்தேன். ஒரு கீல், ஒரு பூட்டு வாங்குவதானாலும் பாத்தித் தண்ணீரில் ஊறப்போட்டுப் பார்க்கிறவர்கள் நாம். உப்புக் காற்றில் எங்கள் அப்பாவின் ஸ்கூட்டருக்குக் கால் வைக்கிற தகடே உதிர்ந்து ரோடு தெரிந்ததை நீயும் பார்த்திருக்கிறாய். இரண்டு ஷோரூமிலும் ஒர்க்‌ஷாப் ஆளிடம் கெஞ்சி ஆளுக்கொரு போல்ட் வாங்கி வந்தேன். இரண்டு பேரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே சிரிப்பைச் சிரித்தார்கள். போல்ட்டுகளும் ஒரே அளவு, ஒரே நிறம். அதனால் டம்ளரை அடையாளம் வைத்தேன். உன் அம்மா பேர் வெட்டிய டம்ளரில் பாண்டி போல்ட். கல்யாணத்துக்குத் தம்பி கொடுத்த, அவன் பேர் வெட்டிய டம்ளரில் திண்டிவனம் போல்ட். இரண்டிலும் உப்பு நன்றாக முற்றிய பாத்தித் தண்ணீரை ஊற்றி, தட்டுப் போட்டு மூடி, சமையலறை அலமாரி மேல் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்துதான் திறப்பது என்று எனக்கு நானே சட்டமும் போட்டுக்கொண்டேன்.

"போல்ட்டப் பாத்து கார் வாங்கற ஆள இப்பதான் பாக்கறேன்" என்றாய்.

அந்த ஞாயிறு உனக்குத் தலைவலி, பூசைக்கு நீ வரவில்லை. நான் வந்து பார்த்தபோது இரண்டு டம்ளர்களையும் கழுவிக் கவிழ்த்திருந்தாய். போல்ட்டுகள் ஒரு பேப்பர் துண்டின்மேல் பக்கம் பக்கமாகக் கிடந்தன. ஒன்று புதுசு போலப் பளபளத்தது. இன்னொன்று செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. எது எந்த ஊர்ப் போல்ட் என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

"ஸ்டெல்லா வந்துச்சுங்க" என்றாய். ஸ்டெல்லா, தம்பி பொண்டாட்டி. "வாசல்லயே நின்னுச்சு. உள்ள கூப்ட்டு உக்கார வச்சேன். டம்ளர் எல்லாம் கழுவாம கெடந்துது. நான் கழுவறதுக்குள்ள எழுந்து போயிடுமோன்னு அலமாரி மேல கைக்குக் கெடச்சத எடுத்து காபி ஊத்திட்டேன்."

எதற்கு வந்தது என்று கேட்டேன். கேட்கவில்லை என்றாய். எந்தப் போல்ட் துருப்பிடித்தது என்று கேட்டேன். கவனிக்கவில்லை என்றாய்.

எப்படி நம்புவது? வாய்க்கால் சண்டைக்குப் பிறகு நம் தெருப் பக்கமே வராத ஸ்டெல்லா, நான் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து வந்ததாம். அந்தச் சமையலறையிலேயே நாளெல்லாம் நின்ற நீ, தட்டைத் தூக்கி ஒருதரம்கூடப் பார்க்கவில்லையாம். பாண்டி போல்ட்தான் துருப்பிடித்திருக்கிறது, அது எனக்குத் தெரியக்கூடாது என்று நீயே கழுவிவைத்துவிட்டாய் என்று ஒரு மனம் சொன்னது. அப்படியெல்லாம் செய்கிற ஆளா நீ என்று இன்னொரு மனம் கேட்டது. ஸ்டெல்லாவிடம் கேட்கலாமென்றால் எனக்கும் அவர்களுக்கும் பேச்சில்லை. கார்ப் பேச்சை அப்படியே விட்டுவிட்டேன். மழை முடியட்டும், பார்க்கலாம் என்று இருந்தேன். அந்த ஐப்பசி மழையில் வந்த காய்ச்சலில் நீ போய்விட்டாய்.

தம்பி வீட்டில் எல்லோரும் வந்தார்கள். ஸ்டெல்லா உன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதது. அடக்கம் முடிந்ததும் அவரவர் வீட்டுக்குப் போனோம். சாவுக்கு வந்ததைப் பேச்சுவார்த்தை என்று எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கும் புரியவில்லை, அவர்களுக்கும் புரியவில்லை போல.

பொங்கல் கழிந்து பாண்டி வண்டியை வாங்கினேன். நீ கேட்டதற்காக வாங்கினேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. எதை வாங்கினாலும் தப்பாகத்தான் இருக்கும் என்று தோன்றிவிட்டது. தப்பாகப் போவதென்றால் உன் தப்பாகவே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

இந்த வருஷம் வேளாங்கண்ணி மாதா திருவிழாவுக்குப் போகும்போது ஜென்சியை அனுப்பித் தம்பி வீட்டைக் கூப்பிட்டேன். வந்துவிட்டார்கள். தம்பி நடு வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். பின்னால் ஒரு பலகையில் ஜென்சி, எதிர்ப் பலகையில் ஸ்டெல்லா. முன்னால் என் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை. யாரும் சொல்லிவைக்கவும் இல்லை. அனுமந்தை போனது, பாண்டி போனது, வாயைத் திறக்க ஆளில்லை. கடலூரும் போனது. உன் கணக்கு தப்பு என்று மனதுக்குள் உன்னோடு சண்டை போட்டேன்.

கடலூர் தாண்டி ஒரு வேகத்தடையைக் கவனிக்காமல் ஏற்றிவிட்டேன். பின்னால் முழங்காலும் முழங்காலும் நன்றாக இடித்துக்கொண்டன. ஜென்சி "ஆ" என்றது. வண்டியை ஓரங்கட்டி, அங்கிருந்த கடையில் எல்லோருக்கும் டீ சொன்னேன். ஸ்டெல்லா இறங்காமல் ஜென்சியின் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே டீயை ஒரு வாய் குடித்தது. பின்கதவு திறந்திருந்தது. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

"உங்கம்மா ஒரு தபா எனக்குக் காபி குடுத்துச்சு" என்றது. "வாயில வச்சா ஒரே உப்பு. பாத்தித் தண்ணி மாரி."

"ஏன் சித்தி, அம்மாகிட்ட சொல்லலியா?"

"எப்டிம்மா சொல்றது? அவ்ளோ நாள் கழிச்சு உள்ள கூப்ட்டுக் குடுக்குது. சொன்னா மறுபடியும் சண்டைக்கு வந்தேன்னு நெனச்சிக்கும். மொத்தத்தையும் குடிச்சிட்டேன். சக்கரை போதுமான்னு வேற கேட்டுச்சு. போதும்க்கான்னேன்."

ஜென்சி சிரித்தது. சிரித்துக்கொண்டே அழுதது. ஸ்டெல்லாவும் அப்படித்தான். டீக்கடைப் பக்கம் நின்ற தம்பி, என்னைப் பார்க்காமல், "இன்னொரு டீ சொல்லட்டுமாண்ணே?" என்றான். சொல் என்றேன்.

அப்படியென்றால் நீ சொன்னது நிஜம். ஸ்டெல்லா வந்திருக்கிறது. பதற்றத்தில் நீ டம்ளரைச் சரியாகக் கழுவாமல் காபியை ஊற்றியிருக்கிறாய். ஆனால் இரண்டு டம்ளர் அல்லவா கவிழ்ந்திருந்தன? ஒன்றில் ஸ்டெல்லா குடித்தால் இன்னொன்றில் நீதானே குடித்திருப்பாய்? உன் காபியும் உப்புக் கரித்திருக்குமே. தெரிந்துகொண்டேதான் எதிரில் உட்கார்ந்து, முகத்தை முகம் பார்த்துக் கடைசி வாய் வரைக்கும் குடித்தாயா? அதனால்தான் சர்க்கரை போதுமா என்று கேட்டாயா?

வண்டியின் கதவடியில் இப்போதே லேசாகத் துரு பூக்க ஆரம்பித்திருக்கிறது. அதை வைத்தும் ஒன்றும் சொல்ல முடியாது. நம் ஊரில் எந்த வண்டிதான் தப்பும்? டிராயரில் கிடந்த நல்ல போல்ட்டும் துருப்பிடித்து, இப்போது இரண்டும் ஒன்றுபோல இருக்கின்றன. தூக்கிப் போட மனமில்லாமல் இரண்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

காபியை மட்டும் இப்போதெல்லாம் தம்பி பேர் வெட்டிய டம்ளரில்தான் குடிக்கிறேன். முதல் வாயில் உப்புக் கரிக்கிறதா என்று நாக்கில் கொஞ்ச நேரம் நிறுத்திப் பார்க்கிறேன். கரிப்பதில்லை. ஜென்சி நன்றாகத்தான் கழுவுகிறது.